ஜெபராணி பேருக்கு ஒரு நடை

மார்ச் 3, திங்கள்

பல்கலைக்கழகத்தில் கொடுத்த டைரி இது. "தினமும் ரெண்டு வரியாவது எழுதுங்க சேர்மக்கனி, யாருக்கும் காட்ட வேண்டாம்" என்று பிரமிளா மேடம் சொன்னார்கள். யாருக்கும் காட்டாததை எதற்கு எழுத வேண்டும் என்று கேட்டேன். சிரித்தார்கள். படித்தவர்களுக்குப் பதில் தெரியாவிட்டால் சிரித்துவிடுவார்கள் போல.

உப்பளத்தில் வேலை செய்கிற பெண்களுக்குச் சிறுநீரகம் கெடுகிறதா என்று பார்க்கிற திட்டம். பல்கலைக்கழகமும் எங்கள் நெடுவிளை மகளிர் குழுவும் சேர்ந்து நடத்துவது. கூட்டுக் குழுவில் அவர்கள் மூன்று பேர், நாங்கள் ஐந்து பேர். நாங்கள் அதிகம் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. களப்பணியாளர் யார் என்று ஊரே கூடிப் பேசி என்னை நிறுத்தியது. பிளஸ் டூ படித்திருக்கிறேன், அளத்தில் பன்னிரண்டு வருடம் உப்புச் சுமந்திருக்கிறேன், மகனைப் பெற்றதற்குத் தவிர ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்?

வீட்டுக்காரருக்குச் சந்தோஷந்தான். உப்பு லாரி ஓட்டுகிறவர் என்பதால் பேச்சிலும் பிரேக் கிடையாது. "ஏட்டி, இனி ஒன்னய டாக்டரம்மான்னு கூப்பிடணுமா?" என்கிறார்.

மார்ச் 6, வியாழன்

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டேன். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்பது ஒரு கேள்வி. அளத்தில் யாரும் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க இடம் வேண்டாமா? கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்தியும் வெயிலும்தான், ஒரு செடி மறைவு கிடையாது. வீட்டில் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினால், வேலை முடிந்து பதினொரு மணிக்கு மேல் வந்துதான் செம்பைத் தேடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். எனக்கு என்ன ஆகிவிட்டது?

மேடம் இதை நோட்டில் எழுதிக்கொண்டு அடியில் கோடு போட்டார்கள்.

ஜெபராணி வீட்டில் மட்டும் கேள்வித்தாள் முடியவே இல்லை. பக்கத்து வீடு, பன்னிரண்டு வருடமும் எனக்கு ஜோடியாக உப்புப் பெட்டி சுமந்தவள். புருஷன் போன பிறகு மகள் பிளெஸ்ஸியை ஒற்றை ஆளாகப் படிக்க வைக்கிறாள். கேள்வி ஒன்றுக்கு ஊர்க்கதை நாலு சொல்வாள். எனக்கும் அது வேண்டித்தான் இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

ஷைனி என்கிற மாணவி கேட்டாள், "பேருக்கு ஒரு நடைன்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன அக்கா?" அளத்தில் ஒருத்திக்கு முடியாமல் போய்விட்டால் ஜோடிக்காரி அவள் பெயருக்கும் சேர்த்துச் சுமப்பாள். தன் பெட்டியைக் கொட்டிவிட்டு "இது ஜெபராணி பேருக்கு ஒரு நடை" என்று கணக்கப்பிள்ளையிடம் சத்தமாகச் சொல்ல வேண்டும். அவரும் அப்படியே எழுதிக்கொள்வார். என் மகனுக்கு அம்மை போட்டிருந்தபோது ஜெபராணி ஒரு வாரம் என் பெயருக்குச் சுமந்தாள். இதில் நன்றி சொல்கிற வழக்கம் இல்லை. திருப்பிச் சுமப்போம், அவ்வளவுதான்.

ஷைனி கண்ணை விரித்துக்கொண்டு கேட்டாள். நல்ல பிள்ளை.

மார்ச் 11, செவ்வாய்

திட்டத்தில் பெயர் கொடுத்த நாற்பது பேருக்கும் மூடி போட்ட சின்ன டப்பா கொடுத்தாயிற்று. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது. நாளைக் காலை எழுந்ததும் போகிற முதல் சிறுநீரைப் பிடித்து வாசலில் வைத்துவிட வேண்டும், நான் எடுத்துக்கொள்வேன், பத்து மணிக்கு ஐஸ் பெட்டியோடு வண்டி வரும். சொன்னதும் ஒரே சிரிப்பு. ஒருத்தி முகத்தை மூடிக்கொண்டு ஓடியே போய்விட்டாள்.

சாயங்காலம் ஜெபராணி வந்தாள். "வாசல்ல மூத்திர டப்பாவ வச்சிட்டு எப்பிடிட்டி போவேன்? எங்க கொழுந்தன் வீடு எதுத்தாப்புல இருக்கு. நீயே என் பேருக்கு ஒண்ணு ஊத்திரு. எல்லாரும் ஒரே லாரித் தண்ணிதான குடிக்கோம்?"

போடி என்று சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 12, புதன்

முப்பத்தாறு நிறைந்து வந்தன. நாலு டப்பாவைக் காலியாகவே என் வாசலில் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். ஜெபராணியுடையது ஒன்று. மற்ற மூன்று பேரும் அவள் கூட்டத்தில் சுமக்கிறவர்கள்.

நாற்பதுக்கு முப்பத்தாறு என்றால் நெடுவிளைப் பெண்கள் ஒத்துழைக்கவில்லை என்று எழுதிவிடுவார்கள். ஆரம்பித்த அன்றே குறையா? நான் களப்பணியாளர் என்பதால் என் பெயர் அந்த நாற்பதில் இல்லை, என்னுடையது யாருக்கும் தேவையும் இல்லை. நாலையும் நானே நிறைத்து வைத்தேன். நுரை கட்டியது, சோப்புப் போட்டுக் கழுவிய பாத்திரத்தில் ஊற்றியது மாதிரி. டப்பா சுத்தமில்லை போல. நுரை அடங்கக் காத்திருந்து மூடியைத் திருகினேன்.

"நாற்பதும் வந்திருச்சா! எந்த ஊர்லயும் இப்படி நடந்ததில்லை" என்று மேடம் போனில் சொன்னார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 20, வியாழன்

ரேஷன் கடையில் இரண்டு மணி நேரம். துவரம் பருப்பு இல்லை. செருப்பு வார் இறுக்குகிறது, வேறு வாங்க வேண்டும்.

ஏப்ரல் 2, புதன்

முடிவு வந்துவிட்டது. மேடமே நேரில் வந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமில்லை. சிலருக்கு லேசாக இருக்கிறது, தண்ணீர் குடித்தால் சரியாகும். நாலு பேருக்கு மட்டும் சிறுநீரில் புரதம் மிக அதிகம், சிறுநீரகம் ஒழுகுகிறது என்று அர்த்தமாம். பெயரைச் சம்பந்தப்பட்டவர்களிடம் மட்டுமே சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தம். வீடு காட்ட என்னை அழைத்துப் போனார்கள்.

"முதல்ல ஜெபராணி" என்றார்கள்.

அடுத்த மூன்று பெயரையும் அவர்கள் சொல்வதற்கு முன்பே என் வாய்க்குள் சொல்லிவிட்டேன்.

"நாலு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு சேர்மக்கனி. எனக்கு ஒண்ணும் புரியலை. நாலு பேரும் ஒரே அளமா?" ஆமாம் மேடம். "ஒரே தண்ணியா?" ஆமாம் மேடம். "ஒரே இடத்துல சாப்பிடுவாங்களா?" ஆமாம் மேடம். எல்லாவற்றுக்கும் ஆமாம்தான். கேட்காத ஒன்றுக்கு நான் எப்படிப் பதில் சொல்வது?

ஜெபராணி அழவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "மேடத்துக்குக் காப்பி போடட்டுமா?" என்றாள்.

ஏப்ரல் 3, வியாழன்

யோசித்துப் பார்த்தேன். டப்பாவில் சோப்பு இருந்திருக்கும். அல்லது வண்டியில் ஐஸ் உருகியிருக்கும். மெஷின் தப்பாகக் காட்டுவதும் உண்டு, இவர் லாரிக்கு டீசல் போடுகிற பங்க் மீட்டரே தப்புக் காட்டுகிறது.

எனக்கு ஒன்றுமில்லை. அப்படியானால் அவர்களுக்கும் ஒன்றுமில்லை. ஆனால் இருக்கிறது என்று தாளில் போட்டிருக்கிறது. தலை சுற்றுகிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

கால் வீக்கம். நடை அதிகம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஜெபராணி அளத்தில் வாய் விட்டிருக்கிறாள். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "எங்க நாலு பேருக்கும் கிட்னி போச்சாம்" என்று ஓவென்று அழுதாளாம். அடுத்த நாளே கணக்கப்பிள்ளை நாலு பேரையும் நிறுத்திவிட்டார். "பெரிய ஆஸ்பத்திரியில எழுதி வாங்கிட்டு வாங்க தாயி. நாளைக்கு ஒண்ணுன்னா முதலாளி மேல கேஸ் வரும்." அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சித்திரை, வைகாசிதான் உப்பு அதிகம் விளைகிற காலம். இதை விட்டால் மழைக்குப் பிறகுதான்.

நோய் இருந்தாலாவது நிறுத்தியதற்கு ஒரு அர்த்தம் உண்டு. இல்லாத நோய்க்கு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். இல்லாத நோயா, இருக்கிற நோயா? எனக்கே தெரியவில்லை. மறு பரிசோதனைக்கு ஆஸ்பத்திரியில் தேதி கிடைக்க ஒரு மாதம் ஆகுமாம்.

ஏப்ரல் 10, வியாழன்

பல்கலைக்கழகத்திலிருந்து ஆறு பேர் வந்தார்கள். லாரித் தண்ணீர், தொட்டித் தண்ணீர், பாத்தித் தண்ணீர், ரேஷன் அரிசி, ஜெபராணி வீட்டுப் புளி என்று எல்லாவற்றையும் குப்பியில் அடைத்துக்கொண்டார்கள். காரணம் கிடைத்தால் பல ஊர்களைக் காப்பாற்றலாம் என்று மேடம் சொன்னார்கள். அவர்கள் முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. இரவெல்லாம் தூங்கவில்லையாம், இதே யோசனையாம்.

நானும் குப்பியைத் தூக்கிக்கொண்டு கூடவே அலைந்தேன். பாதி வழியில் மூச்சு வாங்கி உடைமரத்தடியில் உட்கார்ந்தேன். ஷைனி என் காலைக் குனிந்து பார்த்தாள். விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது, எழும்ப நேரமாயிற்று.

"எத்தனை நாளா அக்கா இப்படி இருக்கு?"

"வெயிலுக்கு எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், நீ வா" என்றேன். புடவையை இழுத்து விட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. கோயில் வாசலில் வளையல்காரர் என் கையைப் பிசைந்து பிசைந்து பார்த்தார், வழக்கமான அளவு ஏறவில்லை. இரண்டு உடைந்தது. வீட்டுக்காரர் விடுவாரா? "டாக்டரம்மா உக்காந்து உக்காந்து ஊதிட்டா. காலையில மூஞ்சியப் பாத்தா எண்ணெயில போட்ட பூரி மாதிரிலா இருக்கு." நானும் சிரித்தேன். பெரிய அளவு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

வடை, பாயசம். ஜெபராணி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். வடையைத் திருப்பி அனுப்பிவிட்டாள், உப்பு ஆகாதாம். உப்பைத் தலையில் வைத்தே காலம் தள்ளியவள் வாயில் வைக்கப் பயப்படுகிறாள்.

ஏப்ரல் 18, வெள்ளி

புனித வெள்ளி. கோயிலிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள் ஜெபராணி. ஆளே பாதியாகிவிட்டாள். கைக்குட்டையில் முடிந்திருந்த கம்மலை என் கையில் வைத்தாள்.

"இது பிளெஸ்ஸிக்கு. எங்கிட்ட இருந்தா ஆஸ்பத்திரிக்குன்னு வித்துருவேன். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவள நீதான் பாத்துக்கிடணும். நர்ஸ் படிப்பு வேண்டாம், மீன் கம்பெனிக்குப் போறேன்னு சொல்லுதா. நீ சொன்னா கேப்பா."

கம்மலை வாங்க மாட்டேன் என்றேன். என் விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கை உப்புக் காய்ப்புப் போகாமல் சொரசொரவென்று இருந்தது.  அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. என்ன பிறவி நான்!

ஏப்ரல் 19, சனி

சொல்லிவிட்டேன்.

துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு சேலையை எடுத்து நானும் கசக்கிக்கொண்டே சொன்னேன். "அன்னைக்கு டப்பாவ நீ காலியாத்தான வச்ச? உன் பேருக்கு நான்தாம்ட்டி ஊத்தினேன். மத்த மூணு பேருக்கும் நான்தான்."

அவளுக்கு முதலில் பிடிபடவில்லை. தான் கேட்டதையே மறந்துவிட்டாள். டப்பா காலியாக இருந்தாலும், கேட்ட கேள்விகளை வைத்தே மேடம் நோயைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தாளாம், மற்ற மூன்று பேரும் அப்படித்தானாம். பிடிபட்டதும் சோப்பைத் தொப்பென்று வாளிக்குள் போட்டாள்.

"அப்பம் எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

"மாதாவே!" என்று மாரில் கை வைத்துச் சிரித்தாள். அப்புறம் என் முதுகில் ஒரு அடி போட்டாள், நிஜமான அடி. "பாவி! பதினஞ்சு நாளா என்னய உயிரோட பொதைச்சிட்டியேட்டி! பிளெஸ்ஸிகிட்ட நான் என்னெல்லாம் சொல்லிட்டேன் தெரியுமா?" திட்டினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டேன். திட்டு வாங்க வாங்க நெஞ்சு லேசானது.

நடுவில் சட்டென்று நிறுத்திவிட்டாள். என் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"சேர்மம்... அப்பம் அது யாரு நோயி?"

அந்த நிமிஷம் வரை எனக்கு அது தோன்றவே இல்லை என்று எழுதினால் பொய். தோன்றும்போதெல்லாம் எழுந்து போய் ஏதாவது பாத்திரத்தைக் கழுவினேன். அதுதான் உண்மை.

ஏப்ரல் 22, செவ்வாய்

கூட்டுக் குழுக் கூட்டம். நின்றுகொண்டு சொல்லலாம் என்று பார்த்தேன், கால் கேட்கவில்லை. உட்கார்ந்தே சொன்னேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்கள். "எத்தனை பேர் உழைப்பு தெரியுமா இது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நாலு டப்பா காலின்னு எழுதியிருந்தா எனக்கு ஒரு நஷ்டமும் இல்லையே!"  கோபமா, அழுகையா என்று தெரியவில்லை. வைகிறவர்களைச் சமாளிக்க எனக்குத் தெரியும், இப்படிப் பேசுகிறவர்களை எப்படிச் சமாளிப்பது? எனக்கும் அழுகை வந்தது.

எங்கள் பக்கத்து மூத்தவர் இசக்கியம்மாள் சித்தி, "தப்பு எங்களதுதான், மறுக்கல. ஆனா நாங்க மூணு மணிக்கு வீட்ட விட்டுப் போறவிய. ஒங்க வண்டி பத்து மணிக்கு வருது. தெருவுல போறவன் வாறவன் பாக்க அத வாசல்ல வைன்னா எப்பிடி வைப்பா? ஒரு நாள் முன்னால எங்களக் கேட்டிருக்கலாம்லா" என்றார்.

"கேட்டிருக்கணும்" என்றார்கள் மேடம். அப்படி ஒத்துக்கொள்வார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 

நாலு பேருக்கும் நோய் உறுதியாகவில்லை என்று மேடம் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கணக்கப்பிள்ளை நாளைக்கே வரச் சொல்லிவிட்டார். அளம் லீவாக இருக்கிற ஞாயிற்றுக்கிழமை, சமுதாயக் கூடத்தில், கதவுள்ள கழிப்பறையில், அந்த நாலு பேருக்கும் மறுபடியும் டப்பா. ஐந்தாவது டப்பாவில் என் பெயர்.

என் வேலை இருக்குமா என்று கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

மற்ற நாலு பேரும் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு வெளியே சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டப்பாவைப் பிடித்தபடி நின்றேன். நாலு பேரின் பெயருக்குக் கொடுக்கும்போது ஒன்றும் தோன்றவில்லை. என் பெயருக்குக் கொடுக்கப் பயமாக இருந்தது.

"ஜெபா" என்று கூப்பிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"என் பேருக்கு ஒண்ணு ஊத்தித் தாயேன்ட்டி."

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். சொல்லி முடிக்கும்போது விளையாட்டு இல்லை. அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கதவில் அவள் சாய்ந்த சத்தம் கேட்டது.

"ஒம் பேருக்கு எத்தன நடைன்னாலும் சுமப்பேன் சேர்மம்" என்றாள். "இத மட்டும் நீயே குடுத்துரு. நான் இங்கனதான் நிக்கேன்."

கொடுத்தேன். அதே நுரை.

மே 6, செவ்வாய்

பெரிய ஆஸ்பத்திரி. ரத்தமும் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். அவர்கள் நாலு பேருக்கும் ஒன்றுமில்லை. எனக்கு இருக்கிறது. ஆரம்பம் தாண்டிவிட்டது, ஆனால் மருந்தில் நிறுத்திப் பிடிக்கலாம், விடாமல் வர வேண்டும் என்றார் டாக்டர். இன்னும் ஒரு வருடம் கழித்து வந்திருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மேடமும் வந்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு இளநீர் வாங்கிக் கொடுக்கப் போனார்கள், டாக்டரிடம் கேட்டுவிட்டு அதுவும் கூடாதென்று திருப்பிக் கொடுத்தார்கள். வேலை போகவில்லையாம், மூன்று மாதம் ஓய்வாம். அதுவரை அளம் விட்டு வந்து சாயங்காலம் ஜெபராணி வீடு வீடாகப் போவாள். இன்றைக்கே பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். முதல் வீட்டு வாசலில் நின்று, "இது சேர்மக்கனி பேருக்கு ஒரு நடை" என்று தெருவே கேட்கக் கத்தினாளாம். கம்மலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிளெஸ்ஸி நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள்.

இன்று உப்பில்லாமல் சாம்பார் வைத்தேன். எனக்குத் தனியாக எடுத்துவிட்டு வீட்டுக்காரருக்கு உப்புப் போடலாம் என்றிருந்தேன். அதற்குள் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு வாய் வைத்தார். எண்ணெயில் போட்ட பூரி, டாக்டரம்மா என்று ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. தலை நிமிராமல் முழுவதும் சாப்பிட்டார். இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் வராத பயம் எனக்கு அப்போதுதான் வந்தது.